பரணில் கிடந்த மோடமும் பிபிஎஸ் போன வழியும்

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் மாமா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு 486 கம்ப்யூட்டர், தனிப் பெட்டியாக ஒரு மோடம், இரண்டு டப்பா நிறைய ஃப்ளாப்பி கிடைத்தன. சில ஃப்ளாப்பிகளில் "பிபிஎஸ் மெட்ராஸ்", "பிபிஎஸ் பெங்களூர்" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. மாமா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கேட்டால், "அதெல்லாம் நெட்டுக்கு முன்னாடி" என்று சிரித்துவிட்டுப் போகிறார். பிபிஎஸ் என்றால் என்ன? ஏன் இல்லாமல் போனது? இந்தப் பெட்டியை ஓட வைக்க முடியுமா, இல்லை காயலான் கடைக்குத்தானா?

பதில்:

முதலில் ஒன்று. இதை முழுக்கப் படிக்கும்வரை அந்த 486-க்கு கரண்ட் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஃப்ளாப்பிகளை மட்டும் இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள். மே மாதத்து வேலூரில் தளத்தை ஒட்டிய பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இத்தனை வருடம் அங்கே கிடந்து தப்பியது போதும்.

பிபிஎஸ் என்பது புல்லட்டின் போர்டு சிஸ்டம், அதாவது அறிவிப்புப் பலகை. சுருக்கமாகப் பலகை என்றே சொல்கிறேன். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை மோடம் (கம்ப்யூட்டரின் தகவலை டெலிபோனில் போகும் சத்தமாக மாற்றுகிற பெட்டி) வழியாக டெலிபோன் லைனில் மாட்டி வைத்திருப்பார். நீங்கள் உங்கள் மோடத்திலிருந்து அந்த எண்ணுக்கு டயல் செய்வீர்கள். இரண்டு மோடமும் கொஞ்ச நேரம் கிறீச்சிட்டு ஒரு வேகத்துக்கு உடன்பட்டதும், அவருடைய கம்ப்யூட்டரின் மெனு உங்கள் திரையில் எழுத்து எழுத்தாக வந்து விழும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால் பொது விவாதங்கள், தனிக் கடிதங்கள், இறக்கிக்கொள்ள ஃபைல்கள், சில விளையாட்டுகள். அவ்வளவுதான். நடுவில் இணையம் கிடையாது, கம்பெனி கிடையாது. நடத்துகிறவரை சிஸ்ஆப் என்பார்கள். பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் தன் கைக்காசில் இதை ஓட்டுகிற ஆள்.

ஒரு லைன் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) பூத் மாதிரிதான், உள்ளே இருப்பவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று அளவு வைத்தார்கள். இறக்கிக்கொண்டே இருக்கிற ஆட்களைக் கட்டுப்படுத்த, நீயும் எதையாவது ஏற்று என்று விகிதம் வைத்தார்கள். வசதியுள்ள பலகைகள் நாலு லைன், எட்டு லைன் வாங்கிச் சந்தா வசூலித்தன.

முதல் பலகை அமெரிக்காவின் சிகாகோவில் வந்தது. 1978 ஜனவரியில் அங்கே பெரிய பனிப்புயல். வெளியே போக வழியில்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த வார்டு கிறிஸ்டென்சனும் அவருடைய நண்பர் ராண்டி சூஸும், தங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையை டெலிபோனில் வைத்துவிட்டால் என்ன என்று ஆரம்பித்தார்கள். கிறிஸ்டென்சன் மென்பொருளை எழுதினார், சூஸ் இயந்திரத்தைக் கட்டினார். பிப்ரவரி 16 அன்று சிபிபிஎஸ் திறந்தது. அதற்கு முந்தைய வருடமே கிறிஸ்டென்சன் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையை எழுதி வைத்திருந்தார். ஃபைலை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு அனுப்பும். இரைச்சல் லைனில் ஃபைல் கெடாமல் வருவதற்கு அந்தக் காலத்தில் அதுதான் வழி. 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் வந்தது. வேகம் வினாடிக்கு 300 பிட்தான். ஆனால் கம்ப்யூட்டரே "ஏடி" என்று தொடங்கும் கட்டளைகளைக் கொடுத்து மோடத்தை டயல் செய்யவும் போனை எடுக்கவும் வைக்க முடிந்தது. ஆள் பக்கத்தில் உட்காராமல் ராத்திரி முழுக்க அழைப்புகளை ஏற்கும் இயந்திரம் இதனால் மலிவாகக் கிடைத்தது. அதே ஏடி கட்டளைகளைத்தான் இன்றைக்கு சிம் கார்டு போடுகிற ஐஓடி (இணையத்தோடு இணையும் சிறு கருவி) மாட்யூல்களும் புரிந்துகொள்கின்றன. உங்கள் கல்லூரி லேபில் ஜிஎஸ்எம் மாட்யூல் இருந்தால் போட்டுப் பாருங்கள், "ஓகே" என்று பதில் வரும்.

இது ஏன் அமெரிக்காவில் அப்படிப் பரவியது என்று கேட்டால் எல்லோரும் கம்ப்யூட்டர் விலை குறைந்தது, மோடம் விலை குறைந்தது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் கணக்கில் முதல் காரணம் உள்ளூர் அழைப்பு. அங்கே பெரும்பாலான ஊர்களில் வீட்டு டெலிபோனுக்கு மாதம் ஒரு நிலைக் கட்டணம் கட்டிவிட்டால் உள்ளூருக்கு எத்தனை மணி நேரம் பேசினாலும் கூடுதல் காசு கிடையாது. எனவே பள்ளிக்கூடப் பையன்கூட ராத்திரி பூராவும் பக்கத்துத் தெருப் பலகையில் கிடக்கலாம். வெளியூர்ப் பலகை என்றால் பில் எகிறும், அப்பா கத்துவார். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் பலகைகள் முளைத்தன. ஆட்களும் உள்ளூர்க்காரர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்தித்துச் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். 1994 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் 60,000 பலகைகள், 1 கோடியே 70 லட்சம் பயனர்கள் என்று இன்ஃபோவேர்ல்டு பத்திரிகை மதிப்பிட்டது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம் அது. வேலூருக்கு 0416, ராணிப்பேட்டைக்கு 04172, ஆம்பூருக்கு 04174, குடியாத்தத்துக்கு 04171. மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை எஸ்டிடி கோடு எண். டெலிபோன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் ஓஒய்டி (ஓன் யுவர் டெலிபோன்) திட்டத்தில் பணம் கட்டி முன்னால் போனார்கள். கிடைத்த போனிலும் உள்ளூர் அழைப்புக்கே மீட்டர் ஓடும். பலகைகள் இருந்ததெல்லாம் பம்பாய், டெல்லி, பெங்களூர், மெட்ராஸ் மாதிரி ஊர்களில். வேலூர் எக்ஸ்சேஞ்சுக்குள் பொதுவில் திறந்த ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. ஆக, உங்கள் மாமா ஒவ்வொரு தடவையும் எஸ்டிடி போட்டுத்தான் பிபிஎஸ் பார்த்திருக்க வேண்டும். அதுவும் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல் கட்டணம் கால்வாசியாகிற நேரத்துக்குக் காத்திருந்து. தோல் ஏற்றுமதி அலுவலகம் என்கிறீர்கள், அப்படியானால் டெலக்ஸ், ஃபேக்ஸ் எல்லாம் கை பழகிய மனிதர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் வியாபாரத்தில் வெளிநாட்டுச் செய்தி ராத்திரியில்தான் வரும். இந்தப் பக்கம் மோடத்தை முதலில் தொட்டவர்களில் அந்த அலுவலகத்து ஆட்கள் உண்டு என்பது என் அனுபவம்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்தச் சிரமம் புரியும். 2400 மோடத்தில், அதாவது வினாடிக்கு 2400 பிட் போகிற மோடத்தில், வினாடிக்குச் சுமார் 240 எழுத்து. ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பி அளவு ஃபைலை இறக்க ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம், அதுவும் லைன் ஒரு தடவைகூட அறுபடாமல் இருந்தால். 14,400 மோடத்தில் அதே ஃபைலுக்குப் பதினேழு நிமிடம். 2400 காலத்தில் மெட்ராஸிலிருந்து பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழக பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் கையில் ஒரு டப்பா ஃப்ளாப்பி கொடுத்தனுப்பினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் வேலூர் வந்து சேரும். பத்து ஃப்ளாப்பி இருந்தால் பஸ்தான் வேகம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பெரிய ஷேர்வேர்களெல்லாம் (முதலில் இலவசமாகப் போட்டுப் பார்க்கிற மென்பொருள்கள்) பஸ்ஸில் வந்தன, கடிதங்கள் மட்டும் டெலிபோனில் வந்தன.

லைனின் லட்சணம் தனிக்கதை. பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு டோன் டயல் புரியாது, பல்ஸ் முறையில் "ஏடிடிபி" என்று கொடுக்க வேண்டும். நம் டயல் டோன் அமெரிக்க டோன் மாதிரி இல்லாததால் மோடம் அதை அடையாளம் தெரியாமல் "நோ டயல்டோன்" என்று நின்றுவிடும். அதற்கு "ஏடிஎக்ஸ்3" என்று கொடுத்து, டோனைப் பார்க்காதே, நேராக டயல் செய் என்று சொல்ல வேண்டும். மோடம் வைத்திருந்த பழைய ஆட்களை எழுப்பிக் கேட்டாலும் இந்த எக்ஸ்3 தூக்கத்தில் வரும். மழை பெய்தால் கேபிளில் தண்ணீர், இரைச்சல். வீட்டில் யாராவது இன்னொரு ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றால் எல்லாம் போச்சு. சக் ஃபோர்ஸ்பெர்க் 1986இல் எழுதிய இசட்மோடம் இதற்காகவே வந்த வரம். லைன் அறுந்தாலும் மறுபடி கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து இறக்கலாம்.

இன்னொரு ஏற்பாடு எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரியது. கியூடபிள்யூகே பொட்டலம். பலகைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாகப் படித்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில், போனதும் புதுச் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே சுருக்கப்பட்ட ஃபைலாகக் கட்டி வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடலாம். நிதானமாக வீட்டில் படித்து, பதில்களை எழுதி, மறுநாள் ராத்திரி அதையும் ஒரே பொட்டலமாக ஏற்றிவிட்டு வரலாம். மொத்த அழைப்பும் சில நிமிடங்கள்தான். உங்கள் ஃப்ளாப்பிகளில் கியூடபிள்யூகே என்று முடிகிற ஃபைல்களோ ஆர்இபி என்று முடிகிற ஃபைல்களோ இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது அவருக்கு வந்தது, இரண்டாவது அவர் எழுதியது. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலகைகள் தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டன. டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய ஃபிடோநெட்டில் ஒவ்வொரு ராத்திரியும் குறித்த நேரத்தில் ஒரு பலகை இன்னொன்றைக் கூப்பிட்டுக் கடிதக் கட்டை மாற்றிக்கொள்ளும். அது அடுத்ததைக் கூப்பிடும். இப்படிக் கைமாறிக் கைமாறி இரண்டு, மூன்று நாளில் உலகத்தின் மறுகோடிக்குக் கடிதம் போய்விடும். ஆசியாவுக்கு அன்று 6ஆம் மண்டலம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் ஒரு கட்டத்தில் அதில் இருந்தன. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய சிஐஎக்ஸ் பலகை அன்றைக்குத் தென்னிந்தியாவில் நன்றாகத் தெரிந்த பெயர். பிற்பாடு லினக்ஸ் இயங்குதளத்தை இந்தியாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர், 2013இல் காலமானார். உங்கள் மாமாவின் "பெங்களூர்" ஃப்ளாப்பி அந்தப் பலகையினுடையதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. இருந்தது 1885ஆம் வருடத்து தந்திச் சட்டம். கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் உரிமை அரசுக்கே என்கிற சட்டம் அது. அதை வைத்துக்கொண்டு தொலைத்தொடர்புத் துறை தொண்ணூறுகளின் நடுவில், பிபிஎஸ் நடத்தினாலும் மின்னஞ்சல் சேவை நடத்தினாலும் லைசென்ஸ் எடு, வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டு என்று கேட்டது. வீட்டில் ஒரு பழைய 386-ஐ வைத்து இலவசமாக ஓட்டுகிறவர் எங்கே போவார்? எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், அந்தக் கட்டணத்தைத் துறை எல்லோரிடமும் வசூலித்துவிடவும் இல்லை. ஆனாலும் புதிதாக ஒருவர் துணிந்து பலகை திறப்பதற்கு அது பெரிய தடை. வேலூரில் கம்ப்யூட்டர் தெரிந்த பொறியியல் கல்லூரிக்காரர்கள் இருந்தார்கள், பணம் இருந்த வியாபாரிகளும் இருந்தார்கள். இருந்தும் ஒரு பலகை வராததற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்றுதான்: போன் கிடைக்காதது, மீட்டர், இந்தச் சட்டப் பயம்.

சரி, அமெரிக்காவில் ஏன் செத்தது? வெப் வந்தது, ஆகவே செத்தது என்பது பாதிப் பதில். வெப் 1993, 94இல் பரவ ஆரம்பித்தது, விண்டோஸ் 95 வந்ததும் சாதாரண ஆளும் டயல்-அப் (டெலிபோன் வழி) இணைய இணைப்பை அமைத்துக்கொள்ள முடிந்தது. 1996 டிசம்பரில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் மணிக்கணக்கை விட்டுவிட்டு மாதம் 19.95 டாலர் என்று நிலைக் கட்டணத்துக்கு மாறியது. இங்கேதான் விஷயம். உள்ளூர் அழைப்பு இலவசம் என்பதுதானே பிபிஎஸ்ஸின் உயிர்? அதே உள்ளூர் அழைப்பில் இப்போது உலகமே வந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பலகைக்குப் போனால் ஒரு ஆள், ஒரு லைன், பிஸி டோன். இணைய நிறுவனத்தின் எண்ணுக்குப் போனால் நூற்றுக்கணக்கான மோடம் காத்திருக்கிறது. பிபிஎஸ்ஸுக்கு உயிர் கொடுத்த டெலிபோன் கட்டணமே அதைத் தேவையில்லாததாக்கியது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது, 56கே மோடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நம் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, அளவுக்கு 8 பிட் வீதம் 64,000 பிட் எண்களாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது கொஞ்சம் நுணுக்கம் தொலையும். இரண்டு முனையிலும் சாதாரண அனலாக் லைன் இருந்தால் இந்த இழப்பினால் 33,600 பிட்டுக்கு மேல் போக முடியாது. ஆனால் ஒரு முனை எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக டிஜிட்டலில் இணைந்திருந்தால், அந்த முனையிலிருந்து வரும் திசையில் மாற்றும் வேலையே இல்லை. அப்போது 56,000 வரை கொடுக்கலாம். 1998இல் வந்த வி.90 தரம் இப்படித்தான் வேலை செய்தது. இணைய நிறுவனத்தால் டிஜிட்டல் லைன் வாங்க முடியும். வீட்டில் ஒற்றை டெலிபோன் வைத்திருக்கும் சிஸ்ஆப்பால் முடியாது. அவரும் 56கே மோடத்தை வாங்கி மாட்டலாம், ஆனால் அவரைக் கூப்பிடுகிறவருக்கு 33.6-தான் கிடைக்கும். ஆக, வீட்டுக்காரரும் கம்பெனியும் இனி ஒரே வேகத்தில் இல்லை. தொழில்நுட்பத்தை ஆராய்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான திருப்பமாகப் படுகிறது. அதன் பிறகு வந்த ஏடிஎஸ்எல், கேபிள் எல்லாமே இறக்குவதற்கு அதிகம், ஏற்றுவதற்குக் கொஞ்சம் என்று வீட்டை வெறும் வாங்குகிற இடமாகவே வைத்தன.

நம் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் பொது இணைய சேவையைத் திறந்தது. மலிவான கணக்கு ஷெல் கணக்கு. படம் கிடையாது, வெறும் எழுத்து மெனு, பைன் என்ற மென்பொருளில் மெயில், லிங்க்ஸில் வெப் பக்கம். மாமாவுக்கு அது புதிய உலகமாகவே தோன்றியிருக்காது. அதே மோடம், அதே டெர்மினல் (மோடத்தோடு பேசுகிற) மென்பொருள், டயல் செய்கிற எண் மட்டும் வேறு. கட்டணமும் அதே எஸ்டிடிதான். அதனால்தான் "நெட்டுக்கு முன்னாடி" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார் போலிருக்கிறது. அப்புறம் 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 172-ல் தொடங்கும் எண்கள் வந்து, வேலூரிலிருந்தே உள்ளூர்க் கட்டணத்தில் இணைய முடிந்தது. அதற்குள் பிபிஎஸ்ஸைத் தேடுகிறவர் யாரும் இல்லை. உலகத்துக்கே உள்ளூர் அழைப்பு கிடைத்த அதே நேரத்தில்தான் வேலூருக்கும் உள்ளூர் அழைப்பு கிடைத்தது. நமக்கென்று ஒரு பலகை வந்திருக்கக்கூடிய இடைவெளி இருக்கவேயில்லை.

அந்த இடத்தில் நமக்கு வந்தது பிரவுசிங் சென்டர். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜுகளுக்கு நடுவில் வரிசையாக இருந்தன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப எஸ்டிடி பூத்திலேயே ஒரு ஓரமாகக் கம்ப்யூட்டர் போட்டார்கள். பொறியியல் கல்லூரிப் பையன்கள் காட்பாடிப் பக்கம் ராத்திரி கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். அறிமுகமில்லாத நாலு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இடம் என்கிற வகையில், அமெரிக்க ஊர்களுக்குப் பிபிஎஸ் செய்ததை இங்கே பிரவுசிங் சென்டர் செய்தது என்று சொன்னால் மிகையில்லை. 2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வீட்டுக்கு வந்ததும் அதுவும் தேய ஆரம்பித்தது.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசுகிற நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பிபிஎஸ் காலத்தில் எல்லோரும் நாகரிகமாகப் பேசினார்கள், விளம்பரம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே யார் இருந்தார்கள்? வீட்டில் டெலிபோனும், கம்ப்யூட்டரும், இங்கிலீஷும் உள்ள ஆண்கள். பெண்களைக் காண்பதே அபூர்வம். தமிழில் எழுத வழியே இல்லை. பிபிஎஸ் திரையில் இருந்தது ஐபிஎம் எழுத்துத் தொகுப்பின் 256 குறிகள், அதில் கோடுகளும் கட்டங்களும் இருந்தன, "அ" இல்லை. சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டைப் போட்டால் டாஸிலேயே தமிழ் தெரியும், ஆனால் எதிர்முனையில் இருப்பவரிடமும் அது வேண்டும். ஆகவே நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். தமிழ் எழுத்து மின்வெளியில் ஓடத் தொடங்கியது இணையத்தில்தான். 1998 பொங்கலன்று தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியது, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து விசைப்பலகைக்கு ஒரு தரம் கிடைத்தது. எல்லாம் பிபிஎஸ் மூச்சு நின்ற பிறகு.

இனி உங்கள் பெட்டி. கரண்ட் கொடுக்காதீர்கள் என்றேன். திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். 386, 486 காலத்துப் போர்டுகளில் நீல நிறத்தில் உருளையாக ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்திருக்கும், கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில். அது வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கசியும். பச்சை, நீலப் பூஞ்சை மாதிரி படர்ந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும். கசிந்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகரில் நனைத்த பஞ்சால் லேசாகத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிட வேண்டும். தடம் அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் ஒட்ட வேண்டும். தட்டு மாதிரி லித்தியம் பேட்டரி இருந்தால் அதிர்ஷ்டம், புதிது மாற்றினால் போதும். உள்ளே பல்லி முட்டை, எறும்புக் கூடு இருக்கும். பரணிலிருந்து வந்த எந்தப் பெட்டியிலும் அவை இல்லாமல் நான் பார்த்ததில்லை. புளோயரால் ஊதி எடுத்துவிடுங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. போர்டிலிருந்து பிரித்துவிட்டு, வேண்டாத பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மட்டும் லோடாக மாட்டி, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வருகிறதா என்று பாருங்கள். அதைத் திறக்கிற வேலை அனுபவமில்லாவிட்டால் வேண்டாம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கரண்டைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். போர்டுக்குப் போவது இரண்டு தனித் தனி கனெக்டர். இரண்டையும் மாட்டும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும், திரும்ப வராது. ஹார்டு டிஸ்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் படிக்கலாம் என்று நினைப்பீர்கள். 1994க்கு முந்தைய சிறிய டிஸ்க்குகள் பலவற்றை இன்றைய அடாப்டர்கள் அடையாளம் காணாது. அந்த 486-ஐயே ஓடவைத்து அதன் வழியாகப் படிப்பதுதான் நிச்சயமான வழி.

ஃப்ளாப்பிதான் உங்கள் கையில் இருக்கிற நிஜமான சொத்து. அமெரிக்கப் பலகைகளின் எழுத்துகளை ஜேசன் ஸ்காட் 1998இலிருந்து டெக்ஸ்ட்ஃபைல்ஸ் தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். இந்தியப் பலகைகளில் நடந்த பேச்சுக்கு அப்படி ஒரு களஞ்சியம் என் கண்ணில் பட்டதில்லை. மிச்சம் இருந்தால் இப்படித்தான் இருக்கும், யாரோ ஒருவர் பரணில், கியூடபிள்யூகே பொட்டலமாக. அதனால் பெட்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இவற்றைக் காப்பாற்றுங்கள்.

படிப்பதற்கு முன் எழுதமுடியாதபடி பூட்டுங்கள். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் மூலையில் உள்ள துவாரம் திறந்திருக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் அதற்கு நேர்மாறு, பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும். ஷட்டரை நகர்த்தி உள்ளே உள்ள வட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் அதை நல்ல டிரைவில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும். மூன்றரை அங்குலத்துக்கு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவும் கிரீஸ்வீசல் போர்டும் வேண்டும். அது வட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும், கெட்டுப்போன இடத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். ஃபைலாகக் காப்பி செய்யாமல் முழு வட்டையும் இமேஜாக எடுங்கள். கியூடபிள்யூகே பொட்டலம் கிடைத்தால் லினக்ஸில் மல்டிமெயில் என்ற மென்பொருளில் திறக்கும். அதில் மாமாவின் தனிக் கடிதங்கள் மட்டுமில்லை, அவருக்கு எழுதியவர்களின் கடிதங்களும் இருக்கும். பொதுவில் போடுவதற்கு முன் அவரைக் கேட்டுவிட்டு, தனிக் கடிதங்களைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

விலை? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார், 486 சிப்பை மட்டும் அதிலுள்ள துளித் தங்கத்துக்காகத் தனியாகக் கேட்பார். அதைப் பிரித்தெடுக்க ஆசிட் ஊற்றுகிற வேலை எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தத் தெருத் தண்ணீருக்கு நல்லதில்லை. பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மோடத்தை இன்றைக்கும் பேச வைக்கலாமா என்றால், டெலிபோன் லைனில் சிரமம். லேண்ட்லைன் ஃபைபருக்கு மாறிவிட்ட இடத்தில் குரல் பாக்கெட்டாகப் போகிறது. குரலைச் சுருக்குகிற முறைகள் மோடத்தின் சத்தத்தைச் சிதைத்துவிடும். சுருக்காமல் அனுப்பினாலும் குறைந்த வேகத்தில்தான், அதுவும் அறுந்து அறுந்து. ஏஓஎல்லே 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப்பை மூடிவிட்டது. ஆனால் பலகைகள் மொத்தமாகச் சாகவில்லை. டெல்நெட் (இன்னொரு கம்ப்யூட்டரின் எழுத்துத் திரைக்குள் போகும் முறை) வழியாக இணையத்தில் இன்னும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன, சின்க்ரோநெட், மிஸ்டிக் என்ற மென்பொருள்களில். 486-இன் சீரியல் போர்ட்டில் ஈஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் ஒன்றை மாட்டினால், அது பழைய மோடம் மாதிரியே ஏடி கட்டளைக்குப் பதில் சொல்லும். டெலிபோன் எண்ணுக்குப் பதிலாகத் தள முகவரியைக் கொடுத்து டயல் செய்யலாம். மாமாவின் டெர்மினல் மென்பொருளில், அவர் வைத்திருந்த அமைப்பிலேயே உள்ளே போகலாம். உட்காரவைத்து அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள், எக்ஸ்3 ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம்.

பழைய மோடத்தைச் சும்மா விளக்கு எரியுமா என்று பார்க்க ஆசையாக இருந்தால், அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அந்தக் காலத்து வெளி மோடம்கள் பலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர், டிசி இல்லை. பரணில் அதே பின் உள்ள வேறு அடாப்டர் நாலு கிடக்கும், அவற்றில் கையில் கிடைத்ததை மாட்டிவிடாதீர்கள்.